குழாயின் சூடு

சன்னல் வெளிச்சம் தோழியின் முழங்கை மடிப்பில் விழுகிறது. ரத்தம் எடுக்கும் பயிற்சியில் இத்தனை நாளும் ரப்பர் கையில் ஊசி குத்திப் பழகிய அவள், இன்றுதான் உயிருள்ள கையைத் தொடுகிறாள். தவறினால் பயிற்சியில் தேற முடியாது. மேல்கையில் பட்டையை இறுக்கிக் கட்டியும் நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. கையுறை விரலால் அமுக்கினால் மட்டும் மெத்தென்று எழும்புகிறது. "குத்துடி, பயத்துலயே எனக்கு ரத்தம் வத்திடும் போல" என்கிறாள் தோழி. ஊசி இறங்குகிறது. குழாயில் கருஞ்சிவப்பு பாய்கிறது. அவள் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அடியே, பட்டையை அவிழு! இது ரப்பர் கை இல்ல, என் கை!" பதறிப் பட்டையைத் தளர்த்துகிறாள், ஊசியை உருவிப் பஞ்சை அழுத்துகிறாள். ரப்பர் கையின் சாயத்தண்ணீர் எப்போதும் சில்லென்றிருக்கும். இந்தக் குழாயோ உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது. "நீ தேறிட்டம்மா, குழாயைக் குடு" என்று பக்கத்தில் நின்று கவனித்த பயிற்சியாளர் கை நீட்டுகிறார். அவளுக்கு விரல்களைத் திறக்க மனம் வரவில்லை.