காது இல்லாத அட்டை

வெர்னா முட்டை பொரித்தாள், காபி ஊற்றினாள். கணவன் ராஸ் சாப்பிட்டபடியே செய்தித்தாளைப் புரட்டினான். பிறகு அவள் ஓர் ஆள் உயர அட்டையைச் சுவரில் சாய்த்து, அதில் வரைந்திருந்த முகத்துக்கு வர்ணம் பூச ஆரம்பித்தாள்.

"காதையே காணோமே?" என்றான் ராஸ்.

"அவருக்கு எதுக்குக் காது? யார் சொல்றதைக் கேட்டாரு?"

"இந்த வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?"

"நம்ம தொகுதி காங்கிரஸ்மேன் ஜெயிச்சு வாஷிங்டன் சபைக்குப் போனதிலிருந்து ஒரு தடவைகூட ஜனங்களை நேர்ல பார்க்கல. இன்னிக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்துல கூட்டம். அவர் வராட்டி இந்த அட்டையை மேடையில நிறுத்தி, இதுகிட்டயே கேள்வி கேப்போம்."

"எல்லாரும் கத்துவீங்க. பாவம், மனுஷன் எப்படி வருவாரு?"

"ஊருக்கு இருக்கிறதே ஒரு ஆஸ்பத்திரி. அதுக்கு வர்ற பணத்தை வெட்ட சபையில ஓட்டுப் போட்டாருல்ல? ஏன்னு சொல்லட்டும். முதல் கேள்வி என்னோடதுதான்."

"கட்சி சொல்லிச்சு, போட்டாரு."

"அதை அங்க வந்து சொல்லட்டும்."

வாசலில் கார் வந்து நின்றது. உதவியாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காங்கிரஸ்மேன், கிளம்பலாமா? வாஷிங்டன் ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு."

ராஸ் எழுந்து தன் நீல டையைத் தேடினான். அது அட்டையின் கழுத்தில் இருந்தது.

"நீயே இப்படிப் பண்ணலாமா வெர்னா?"

வெர்னா தூரிகையைக் கழுவினாள்.

"உங்க ரெண்டு பேர்ல சாயங்காலம் யாரு மேடையில நிக்கிறாங்களோ, அவங்களைத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்."