வேலி இல்லாத கேட்

கடற்கரைக்குப் போகும் பாதையை மறித்து ஒரு பங்களாக்காரர் வேலி போட்டார். நடுவில் ஒரு இரும்பு கேட்டும் வைத்தார். போன புயலில் வேலி முழுக்கக் கடலோடு போய்விட, பூட்டிய கேட் மட்டும் தனியாக நின்றது.

அதன் முன்னால் குட்டி போட்ட நாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் கரையில் வலை இழுக்கிறார்கள். குட்டிகளுக்கு ஒரு மீனாவது கொண்டுபோக வேண்டும்.

"ஐயா, கொஞ்சம் திறந்துவிடுங்க."

"சாவி வச்சிருக்கிறவர் வரணும். நாளைக்கு வா," என்றது கேட்.

மணல் வளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நண்டுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், வேலிதான் இல்லையே! இப்படிச் சுத்திக்கிட்டுப் போயேன்!" என்று கேட்டைச் சுற்றி ஓடியே காட்டியது.

"மெதுவாப் பேசு, அவரு காதுல விழுந்துடப்போகுது," என்றது நாய், கேட்டைப் பார்த்தபடி.

மதியம் ஒரு பெரிய அலை வந்து, அடிமண் அரித்துக்கிடந்த கேட்டையும் பிடுங்கிக்கொண்டு போனது.

"இப்பவாவது போய்த் தொலையேன்!" என்று கத்தியது நண்டு.

நாய் வெறும் மணலைப் பார்த்து ஊளையிட்டது.

"கேட்டே போயிடுச்சே! இனிமே நான் யாருகிட்ட போய்க் கேட்பேன்?"