சய பதினெட்டு

“சய பதினெட்டா? மூளையைக் கழட்டி அலுமாரிக்குள்ள வச்சிட்டா வந்து குந்தீக்க?”

றிப்தா கொப்பியைத் தம்பியின் பக்கம் தள்ளிவிட்டாள். அது மேசையில் வழுக்கிப் போய், அஹ்னாபின் தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது. திறந்திருந்த பக்கத்தில் ஒரே ஒரு கணக்கு: 10 − 4 × (−3). அதன் கீழே விடை: −18.

“சரியாத்தானே செஞ்சேன், ராத்தா? பத்துல நாலு போனா ஆறு. ஆறு தர சய மூணு, சய பதினெட்டு.”

“பத்துல நாலை யாரு கழிக்கச் சொன்னது? நாலுக்குப் பக்கத்துல பெருக்கல் குறி ஒண்டு நிக்குதே, கண்ணுக்குத் தெரியல்லையா? முதல்ல பெருக்கல். பிறகுதான் கழித்தல்.”

“இடப்பக்கத்துல இருந்துதானே வாசிச்சுக்கிட்டு வரணும்?”

“வாசிக்கிறதுக்கு இது என்ன பேப்பரா? வுளூ எடுக்காம நேரா தொழப் போய் நிப்பியா நீ? எதை முதல்ல செய்யணுமோ, அதை முதல்ல செய்யணும்.”

அடுப்படியிலிருந்து உம்மா குரல் கொடுத்தார். “காலங்காத்தால புள்ளைய ஏசாதே, றிப்தா. ராவெல்லாம் தூங்காம கணக்கு கணக்கு எண்டு முணுமுணுத்துக்கிட்டு ஈந்தான்.”

“நீங்க குடுத்த செல்லம்தான் உம்மா இது. ஏழாம் ஆண்டுக் கணக்கு! ஏழாம் ஆண்டு! இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போய் என்னத்தைப் படிச்சான்?”

“எனக்கு வரலாறு நல்லா வரும்,” என்றான் அஹ்னாப் மெல்ல.

“அப்ப கண்டி ராசாவை எழுப்பிக் கூட்டி வா. அவரு வந்து அடைப்புக்குறியை நீக்கித் தரட்டும்.”

றிப்தாவுக்குக் கண்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அடுத்தவர்கள் விட்ட பிழைகளைத் தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள். கெலிஓயாச் சந்திக்கு அவளுடைய பஸ் வரும் நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இவ்வளவு பெரிய பிழை கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் போவது?

அஹ்னாப் மறுபடி பென்சிலை எடுத்தான். நாலு தர மூன்று பன்னிரண்டு. பத்தில் பன்னிரண்டு போனால்...

“சய ரெண்டு!”

“யா அல்லாஹ்! மூணுக்கு முன்னால ஈந்த சய எங்க? தேத்தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டியா?”

அஹ்னாபின் முகம் சுருங்கிப் போனது. “இன்னைக்கு மட்டும் என்னைக் காப்பாத்து, ராத்தா. நேத்து நான் பலகையில எழுதினதைப் பள்ளிக்கூடத்து அதிபர் ஜன்னலால பார்த்துட்டாரு. அங்க நிண்டே பிழை எண்டு சொன்னாரு. முழு வகுப்பும் சிரிச்சுது. முன் வாங்குல ஈக்கிற ஸுமைரா மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சா.”

“அவளுக்கு விடை தெரியுமாமா?”

“எங்க? சிரிக்க மட்டும் தெரியும். இன்னைக்கு அதிபர் வகுப்புக்குள்ளயே வந்து குந்துவாராம். இன்னொரு பிழை கண்டா, ரெண்டாம் ஆண்டுக்கு அனுப்பிருவேன் எண்டு சொல்லிட்டாரு. பிறகு நான் ரோட்டுல இறங்கிப் போகேலாது.”

“ரெண்டாம் ஆண்டுக்கா? அந்தச் சின்னப் புள்ளைகள் என்ன பாவம் செஞ்சுது? உனக்கு ஏழாம் ஆண்டைக் குடுத்தது யாரு எண்டுதான் எனக்கு இன்னும் விளங்கல்ல.” அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். “பென்சிலைப் பிடி. நாலு தர சய மூணு?”

“சய பன்னிரண்டு.”

“பத்துல இருந்து சய பன்னிரண்டைக் கழிச்சா?”

அஹ்னாப் கூரையைப் பார்த்தான். விரல்களைப் பார்த்தான். கொப்பியின் மட்டையைக்கூடப் பார்த்தான்.

“சயவைக் கழிச்சா... கூடும். இருபத்திரண்டு!”

“அல்ஹம்துலில்லாஹ். உம்மா, பெருநாள் அறிவிச்சிருங்க.” றிப்தா எழுந்தாள். “விளங்கிச்சா, இல்ல சும்மா பாடமாக்கிட்டியா?”

“ரெண்டும்.”

“பொய். போ. என்ட தம்பி எண்டு மட்டும் அங்க யாருக்கிட்டயும் சொல்லிராதே.”

உம்மா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். சோற்றுப் பொதியைப் பைக்குள் வைத்தார். அஹ்னாப் வழியெல்லாம் உதடசைத்துக்கொண்டே நடந்தான். முதல்ல பெருக்கல். சயவைக் கழிச்சா கூடும். இருபத்திரண்டு.

முதல் பாடமே கணக்கு. சொன்னபடியே அதிபர் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார். கைகளைக் கட்டியிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. கரும்பலகையில் அதே கணக்கு: 10 − 4 × (−3). அஹ்னாபின் முதுகில் சட்டை வியர்வையோடு ஒட்டிக்கொண்டது.

“ஸுமைரா, பலகைக்கு வா.”

நேற்று மேசையைத் தட்டிச் சிரித்தவள், இன்று சோக்குத் துண்டை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு நின்றாள். திரும்பித் தோழிகளைப் பார்த்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு வழியாக எழுதினாள்: −18.

அஹ்னாபுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“சய பதினெட்டா? மூளையைக் கழட்டி அலுமாரிக்குள்ள வச்சிட்டா வந்தீக்க? ஏழாம் ஆண்டுக் கணக்கு இது, ஏழாம் ஆண்டு! இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் வந்து என்னத்தைப் படிச்ச?”

கடைசி வாங்கில் அதிபர் திருப்தியாகத் தலையாட்ட, டஸ்டரால் மேசையை ஓங்கித் தட்டினார், கணக்குக்கு ஆளில்லை என்று போன வாரம் அந்தப் பாடம் தலையில் கட்டப்பட்ட வரலாற்றுப் பட்டதாரி ஆசிரியர், அஹ்னாப் சேர்.