தெத்துப்பல்லுக்கு ஒதுக்கிய பணம்

யாழிசையின் வாயில் ஒரு தெத்துப்பல் துருத்திக்கொண்டு நின்றது. அதன் பக்கத்துப் பல்லோ முளைத்த நாளிலிருந்து வரிசை தப்பியதே இல்லை.

“முதல்ல நாலு பல்லைப் பிடுங்கணும், ஆறாயிரம். அப்புறம் கிளிப் போட நாப்பதாயிரம்” என்றார் டாக்டர். சீட்டு எடுத்துத்தான் கட்ட வேண்டும் என்று அம்மா மனக்கணக்குப் போட்டாள்.

“அந்த ஆறாயிரம் உன்னைப் பிடுங்கத்தான். ஒழுங்கா நில்லுன்னு எத்தனை தடவை சொன்னேன்?” என்றது பக்கத்துப் பல்.

பணம் கட்டிய அன்று குறடு உள்ளே வந்தது. தெத்துப்பல்லைத் தாண்டிப் போய்ப் பக்கத்துப் பல்லைக் கவ்வியது.

அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆள் மாறிப்போச்சுங்க. நான் நேரா இருக்கிற பல்லு.”

“தெரியும்” என்றது குறடு. “அந்த நாப்பதாயிரம் அவனுக்கு. அவன் வந்து நிக்க இடம் வேணும்ல?”