பென்சில் அளவுகள்

லிஃப்ட் இருந்தும் பதினொரு மாடியையும் படியேறியே வந்தார் அந்த அப்பா. கூடவே ஏறிய மாணவர் விடுதி மேலாளருக்கு மூச்சு வாங்கியது.

"கடைசி ரூமைத்தான் பாக்கணும்னு ஃபோன்லயே சொல்லிட்டீங்க. பையனுக்குன்னா ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துக்கறது நல்லதுதான் சார்."

அவர் கட்டிலையோ, நகரமே தெரிந்த ஜன்னலையோ கவனிக்கவில்லை. நேராகப் போய்ச் சுவர் அலமாரியைத் திறந்து, உள்ளே தலையை விட்டார். பலகையில் யாரோ பென்சிலால் அளவுகளை எழுதியிருந்தார்கள்.

மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தச்சு வேலைக்கு வந்த பசங்க கிறுக்கிட்டுப் போயிருக்காங்க சார். நாளைக்கே பெயின்ட் அடிச்சிடறேன்."

"வேணாம் தம்பி."

அவர் அந்த எண்களை விரலால் தடவினார்.

"ஏழுன்னு எழுதினா நடுவுல ஒரு கோடு போடுவான். பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படித்தான்."

"யாரு சார்?"

"எம் பையன். இந்த அலமாரிய மாட்டிட்டு, 'கெளம்பிட்டேம்பா'ன்னு ஃபோன் பண்ணான். அன்னிக்கு இங்க இன்னும் லிஃப்ட் வைக்கல. அது வர்ற குழி மட்டும்தான் இருந்துச்சு, தடுப்பு இல்லாம."