படுத்துக்கொண்டு ஏறிய மலை

கண்காட்சிக் கூடத்தின் நட்டநடுவில் ஓர் அம்மாள் மல்லாந்து படுத்திருந்தாள்.

தலைக்கு முதுகுப்பை. மேலே போர்வை மாதிரி ஆண்பிள்ளை மலையேற்றக் கோட்டு ஒன்று. ஆள் எங்கே முடிகிறாள், கோட்டு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"மயக்கம் போட்டுட்டாங்கன்னு பதறிப்போய் ஓடினேன் அக்கா. 'தள்ளி நில்லுடி, மலை மறைக்குது'ன்னு என்னையே விரட்டுறாங்க. எழுப்பட்டுமா?" என்றாள் வாசலில் டிக்கெட் பார்க்கும் நாரே.

"மூச்சு விடாதே. அப்படியே இருக்கட்டும்," என்றாள் தான்பி, எதிர்ச்சுவரை நிறைத்திருந்த மலை ஓவியத்தைச் செய்தவள்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் முட்டி தேய்ந்துபோனபின் மலை ஓவியத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பாயில் படுத்தபடியே மலை ஏறிவிட்டு வருவார்கள். மலைக்குப் போகப் படுக்கை போதும் என்பது கொரியாக்காரர்களின் பழைய சாமர்த்தியம். இந்தக் காலத்தில் அதை யார் செய்கிறார்கள்?

அதுவும் அவளுடைய மலையில்!

சுன்சோன் நகரத்தாருக்கு மேபோங் மலை பழகிய மலை. மலையேறும் சங்கங்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியக் கிளைக்குக் கிளை பிளாஸ்டிக் ரிப்பன் கட்டிவிட்டுப் போகும். வழிகாட்டிப் பலகைகள் நட்ட பிறகு, தான்பி அனுமதி வாங்கி அத்தனையையும் அவிழ்த்து வந்தாள். மழையிலும் வெயிலிலும் சாயம் போனவற்றைத் தூரத்து முகடுகளாக்கினாள். கறுப்பும் நீலமும் பக்கத்துப் பாறைகளாயின. எந்த இடத்தில் எடுத்தாளோ, ஓவியத்தில் அந்த இடத்திலேயே தைத்தாள். தள்ளி நின்று பார்த்தால் மை கரைந்த பழைய ஓவியம்தான்.

ஆனால் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிவிட்டார்: 'பழைய ஓவியத்துக்குள் நடந்துவிட்டு வரலாம். இந்த பிளாஸ்டிக் மலைக்குள் எறும்புகூட நுழையாது.'

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு ஆள் உள்ளே போனால் போதும், இல்லையென்றால் ஊசியை மூட்டை கட்டிவிடலாம் என்று இருந்தாள்.

தான்பி மெல்லப் போய் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் தானும் படுத்தாள்.

"படுத்துக்கிட்டே மலை ஏற எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"ஏறுறதா? நானா? எப்படியும் இறங்கப்போற மலையில எதுக்குடி ஏறணும்? இதைச் சொல்லியே என் வீட்டுக்காரரை வாராவாரம் தனியா அனுப்பிவெச்சவ நான்."

தான்பிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்புறம் எதுக்கும்மா படுத்திருக்கீங்க?"

அம்மாள் கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். "பருந்துப் பாறைக்குக் கீழே, ஓடைப் பக்கம், மஞ்சளா ஒண்ணு தெரியுது பாரு. அங்கதான் அவர் வழுக்கி விழுந்து கிடந்தது. தூக்கப் போனவங்க சொன்னாங்க, மரத்துல ஏதோ மஞ்சள் துண்டு தொங்குச்சாம். அதையே பார்த்தபடி மல்லாந்து கிடந்தாராம். உசுரு போயிருந்துச்சு, ஆனா முகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சாம். அப்படி என்னத்தைத்தான் பார்த்தார் மனுஷன்? எடுத்த இடத்துலயே தெச்சிருக்குன்னு வாசல்ல எழுதி வெச்சிருக்கே. அதான் வந்தேன். நின்னு பார்த்தேன், ஒண்ணும் விளங்கல. சரி, அவர் மாதிரியே படுத்துப் பார்ப்போம்னு…"

"விளங்குச்சா?"

"எங்க விளங்குது! யாரோ கட்டிட்டுப் போன துண்டு. அதுல என்ன இருக்கு சிரிக்க?"

அந்த மஞ்சள் துண்டுகள் தான்பியையும் கொஞ்சமாகவா அலைக்கழித்தன! எதிலும் சங்கத்தின் பெயர் இல்லை. ஏதோ மழைக்கோட்டை வெட்டியது; ஒன்றில் பட்டன்கூட அப்படியே இருந்தது. எல்லோரும் தலைக்கு மேலே கட்டுவார்கள். தான்பி நெட்டை, கையை உயர்த்தினால் போதும். இந்த மஞ்சளுக்கு மட்டும் அடிவாரத்திலிருந்து பாறை வரைக்கும் குனிந்து குனிந்து அவிழ்க்க வேண்டியிருந்தது. எந்தக் குள்ளன் கட்டித் தொலைத்தானோ என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

"சரி கண்ணு, கை குடு. தரை சில்லுனு இருக்கு."

தான்பி எழுந்து கை கொடுத்தாள். அம்மாள் ஒரு முனகலோடு எழுந்து நின்று கோட்டைப் போட்டுக்கொண்டாள். அது அவள் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அவள் உச்சந்தலை தான்பியின் தோளைக்கூட எட்டவில்லை.

தான்பி அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து குனிந்து அவளுக்குப் பழகிப்போன உயரம் அது.

"என்னடி, குள்ளச்சியைப் பார்த்ததே இல்லையா?"

"அம்மா… உங்ககிட்ட மஞ்சள் மழைக்கோட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சே! என்னை மலைக்கு இழுக்க அவர் வாங்கிட்டு வந்தது. நான் ஒரு நாளும் போட்டதில்லை. அலமாரியில வெச்சிருந்தேன், திடீர்னு காணோம். எங்க கொண்டுபோய்த் தொலைச்சீங்கன்னு கேட்டா, 'நீ மலைக்கு வர்ற அன்னிக்குத் தெரியும் போ'ன்னு ஒரு சிரிப்பு. ஏன், அதை எதுக்கு இப்ப கேக்குற?"

தான்பி அம்மாளின் கையை விடவில்லை. நாரேயைக் கூப்பிட்டு, ஓவியத்துக்கு முன்னால் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள்.

"வாங்கம்மா. அடிவாரத்துலேர்ந்து போவோம்."