பிரெஞ்சிலும் அதே சொல்

டொக்டர் வேகமாகப் பேசினார்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சொற்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்தவை போய்விட்டன.

பக்கத்தில் அம்மா. டொக்டரின் வாயைப் பார்ப்பதும் மகளின் முகத்தைப் பார்ப்பதுமாக.

"என்னவாம், பிள்ளை?"

"பொறுங்கோ அம்மா."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கட்டிலில் தவம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. லண்டனில் தனியாக இருந்தவர். குளியலறையில் விழுந்தவர் இன்னும் கண் திறக்கவில்லை.

செய்தி வந்த அன்றே பாரிசில் பஸ் ஏறினார்கள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பள்ளிக்கூட இங்கிலீஷ். பாரிசில் பிறந்து பிரெஞ்சில் படிப்பவளுக்கு அது எப்படியாவது பாஸ் பண்ணவேண்டிய ஒரு பாடம். அவ்வளவுதான்.

வழி முழுக்கப் போனில் சொற்களைத் தேடினாள். நுரையீரல். இரத்தக்கட்டு. பக்கவாதம். பிரெஞ்சில் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் என்ன. உதடு அசைந்தபடியே இருந்தது. புதிதாக ஒன்று ஏறினால் பழையது ஒன்று இறங்கிப் போனது. கப்பலில் கடலைக் கடக்கும்போதும் அவள் கடலைப் பார்க்கவில்லை.

"ரேனுக்கு என்ன... ரேனுக்கு என்ன..."

"அதென்ன ரேன்?" என்றாள் அம்மா.

"இடுப்புக்குள்ள ரெண்டு இருக்குமே, அது."

"கிட்னியோ?"

போனைப் பார்த்தாள். கிட்னி.

"அம்மா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கு!"

"அது தமிழ்தானே."

அந்தப் பயணத்தில் இருவரும் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில், தமிழ் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அம்மா கையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"வேண்டாம். என்ர பிள்ளை இருக்கிறாள்."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. போனில் சேர்த்த சொற்களை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

இப்போது டொக்டர் பேச்சை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி தொடங்கினார். மெதுவாக. ஒவ்வொரு சொல்லாக.

"வீ வில் கீப் ஹிம் கம்ஃபர்டபிள்."

இது தெரியும்.

பிரெஞ்சிலும் அதே சொல்தான். சொல்லுகிற விதம் மட்டும் கொஞ்சம் வேறு. சோபாவுக்குச் சொல்வார்கள். காலில் போடுகிற சப்பாத்துக்குச் சொல்வார்கள்.

இவ்வளவு நேரத்தில் முழுசாகக் கைக்கு வந்த ஒரே வாக்கியம்.

"மாமாவை வசதியா வைச்சிருப்பினமாம் அம்மா. ஒரு கஷ்டமும் இல்லாமல்."

அம்மா எழுந்து டொக்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னாள்.

டொக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?"

"யெஸ்," என்றாள்.

அம்மா போனோடு நடைவழிக்குப் போனாள். முதலில் பாரிசுக்கு, அப்பாவுக்கு. பிறகு சாவகச்சேரிக்கு, சித்திக்கு. குரல் கதவுக்குள்ளும் கேட்டது.

"பயப்பிட ஒண்டுமில்லையடி. டொக்டரே சொல்லிட்டா. மிதுஷாதான் இங்கிலீஷில கதைச்சவள்."

அவள் உள்ளே மாமாவின் கட்டிலருகில் நின்றாள். நிற்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

நேர்ஸ் வந்தான். பெரிய உருவம், சின்னக் குரல். தொங்கிக்கொண்டிருந்த சேலைன் பையைக் கழற்றினான். மூக்கிலிருந்த குழாயை மெல்ல உருவினான். இதயத் துடிப்பைக் காட்டிய திரையை அணைத்தான். டிக் டிக் என்ற சத்தம் நின்றது.

நல்லதுதான், என்று நினைத்தாள். குணமானால்தானே கழற்றுவார்கள்.

பிறகு வேறு எதையாவது பூட்டுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதையும் பூட்டவில்லை.

சின்னப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மாமாவின் உதட்டை ஒற்றினான். தலையணையைச் சரி செய்தான். கலைந்திருந்த தலைமயிரை விரலால் ஒதுக்கிவிட்டான்.

"பெட்டர்... வென்?" என்று கேட்டாள்.

அவன் கை நின்றது.

"ஹி இஸ் நாட் இன் பெயின்," என்றான்.

அவள் அதைக் கேட்கவில்லையே.

அவன் வெளியே போய் இரண்டு நாற்காலிகளோடு வந்தான். அவள் கதவில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைக் காட்டினாள். அது முடியப்போகிறது.

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"நாட் ஃபார் யூ. ஸ்டே."

எல்லாம் சின்னச் சொற்கள். முதல் வருடத்திலேயே படித்தவை. தேடிப் பார்க்க எதுவுமில்லை.

ஆனாலும் போனை எடுத்தாள். தட்டச்சுச் செய்ய விரல் போகவில்லை. திரும்பவும் பைக்குள் வைத்தாள்.

அம்மா உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"குழாயெல்லாம் கழட்டிட்டினம்! பார், தவத்தின்ர முகம் எவ்வளவு தெளிஞ்சு போச்செண்டு." நாற்காலிகளைத் தொட்டுப் பார்த்தாள். "எங்களுக்குக் கதிரையும் போட்டிருக்கினம். நல்ல சனம்."

அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.

"ஆருக்கு அம்மா?"

"பெரியம்மாவுக்கு. பாவம், அழுதுகொண்டு இருப்பா."

மணி போனது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். "ஹலோ, ஹலோ" என்று கேட்டது.

அவள் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள். ஒரு நாற்காலியை மாமாவின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டாள்.

"இருங்கோ அம்மா," என்றாள். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது.